ரங்கநாதன், வயது தொண்ணூற்றொன்பது

திருப்பாற்கடலுக்கு அடுத்தபடியாகப் பெருமாளுக்குத் தண்ணீர்ப் படுக்கை விரித்துக் கொடுத்தவன் ஈரேழு பதினான்கு லோகத்திலும் தான் ஒருவன்தான் என்று வீரராகவன் டெலிபோனில் அறிவித்தார். அதுவும் கைக்காசு செலவில்லாமல். பம்பாய்க் கம்பெனி ஒன்று பெருமாளின் திருநாமத்தைப் போட்டு, பின்கோடு உட்பட விலாசம் எழுதி, கூரியரில் அனுப்பியிருக்கிறதாம்.

புத்தூரில் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்த சத்யபாமா, நிதானமாகத் துப்பிவிட்டு, "சரி, அப்புறம்?" என்றாள்.

அவள் நம்பவில்லை. அவள் எதையுமே சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. காவிரியில் வெள்ளம் என்று டி.வி. சொன்னால், பாலத்தின் நடுவில் ஆட்டோவை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். ஆயுசு முழுக்கப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கால்குலேட்டர் சொன்ன விடையைக் கையால் போட்டுச் சரிபார்த்து, கால்குலேட்டருக்குப் பாஸ் மார்க் கொடுப்பவள்.

தவிரவும், சொன்னவர் அண்ணன். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த நாளில் ஒரே தும்மலில் எஞ்சினை நகர்த்திக் காட்டியவர். மலைக்கோட்டைப் படிகளை நொண்டியடித்து ஏறியவர். கொள்ளிடத்து முதலை ஒன்று இவரைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சாட்சி அவர் ஒருவர்தான்.

போன வாரம் இரண்டு பேருக்கும் பெரிய சாவிச் சண்டை. மன்னி கோமளம் பரமபதித்து இரண்டு வருஷமாக அண்ணன் ஸ்ரீரங்கத்து ஃப்ளாட்டில் ஒண்டிக்கட்டை. தங்கையோ அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே புத்தூரில் ஒண்டிக்கட்டை; ஒரே பெண் மாதுரி மெல்போர்னில். "கோமளத்தோட கட்டில் சும்மாத்தானே கிடக்கு, இங்க வந்துடேன்" என்று அவர் சொல்ல, "நடந்து போற தூரத்துல ஆறு ஆஸ்பத்திரி, நீ இங்க வா" என்று அவள் சொல்ல, ரங்கனை விட்டுக் காவிரியைத் தாண்ட மாட்டேன் என்று அவரும், என் வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும் என்று அவளும் முறுக்கிக்கொண்டு பிரிந்தார்கள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் போன்.

"நம்பலேன்னா வந்து பாரு" என்றார் வீரராகவன். அவள் வழக்கம்போல் வைக்கப் போனாள். அப்போது குரல் இறங்கிற்று. "இன்னிக்கு வாயேன் பாமா. சித்த சீக்கிரமா."

அதில் ஒரு கடுகளவுகூட மிகை இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. எதையும் ஊதிப் பெருக்காமல் அண்ணன் ஒரு வாக்கியம் பேசிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தாள். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஊரிலுள்ள கிழவிகள் அத்தனை பேரும் அதில்தான் இருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களின் வயதைக் கூட்டினால் கல்லணை கட்டுவதற்கு முன்னால் போய் நிற்கும். பாதிப் பேர் மடியில் ஸ்கேன் கவர், மீதிப் பேர் மடியில் கறிகாய்ப் பை. பை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கத்தரிக்காய், ஒரு தக்காளி, ஒரு பிடி கொத்தமல்லி. பக்கத்து ஸீட்டு அம்மாள் ஒற்றை வாழைப்பூவை மடியில் வைத்துக்கொண்டு, இதை எத்தனை நாள் சாப்பிடுவது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்யபாமாவுக்கு அந்தக் கவலை நன்றாகத் தெரியும். கடைக்காரர்களுக்கு இந்த தேசத்தில் ஒருத்தியாக யாரும் இல்லை என்று நினைப்பு. புத்தூர் சூப்பர் மார்க்கெட்டில் எதை எடுத்தாலும் ஒன்றுக்கு ஒன்று இலவசம். "இலவசத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ, பாதி விலைக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்கோ" என்று அவள் கணக்கு நியாயம் பேச, பில் போடும் பெண்கள் அவளைக் கண்டாலே கவுன்ட்டர் மாறி உட்கார்ந்துகொள்வார்கள். அப்படியும் தினம் போவாள். அங்கே ஏ.சி. இருக்கிறது. கதவைத் திறந்துவிடுகிறவர் "வாங்கம்மா" என்கிறார். அன்றைக்கு முழுக்க அவளை யாராவது வா என்று சொன்னால் அது அந்த ஒரு தடவைதான்.

ஸ்ரீரங்கமோ இந்த விஷயத்தில் புத்தூருக்கு அண்ணன். சித்திரை வீதிக் கடைகளில் முழங்கால் உறைகள் மாலை மாலையாகத் தொங்கின. ஃபேன்ஸி ஸ்டோரில் வளையலுக்கு முன்னால் கிழமை போட்ட மாத்திரை டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். காய்கறிக் கடையில் அரை முட்டைக்கோஸ், கால் பூசணி, ஒரு மூடித் தேங்காய். பிள்ளைகள் டாலரிலும் பவுண்டிலும் கொழிக்க, ஊர் மட்டும் அரைமூடியில் நடந்துகொண்டிருந்தது.

அண்ணனுடைய அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒரு பெண் குரல், கதவை மூடும்படி இங்கிலீஷில் கெஞ்சும். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் அதற்குத் தினமும் "ஆகட்டும்மா" என்று பதில் சொல்கிறாராம். இதுவும் வீரராகவன் சொன்னதுதான். இன்றைக்கு லிஃப்டில் அந்த மூன்றாம் மாடிக்காரரே கூட வந்தார். "ஆகட்டும்மா" என்றார். சத்யபாமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்குக் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். உள்ளே பேச்சுக் குரல்.

"சாத்துமுதுல உப்பு ஒரு கல்லு கம்மிதான், ஒத்துக்கறேன். நேத்து ஜாஸ்தியாப் போயிடுத்துன்னு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டே, அதான். இன்னிக்கு பாமா வரா. அவ ரசிச்சு சாப்டான்னா நீ வாயைத் திறக்கப்படாது."

யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பதில் குரலுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. ஆனால் பதில் வந்துவிட்ட மாதிரி உள்ளே அண்ணன் சிரித்தார்.

பெல்லை அழுத்தினாள்.

ஹாலில் மலை மலையாக அட்டைப் பெட்டிகள். டி.வி. வைக்கிற அளவுப் பெட்டிக்குள் ஒரே ஒரு சீப்பு. சோப்புக்கு ஒரு பெட்டி, சவரப் பிளேடுக்கு ஒரு பெட்டி. எல்லாவற்றையும் ஒரே தடவையாக வாங்கினால் என்ன என்று கேட்டாள். வீரராகவன் பொருளாதார மேதை மாதிரி விரலை நிமிர்த்தினார். ஒரே தடவையாக வாங்கினால் பெல் ஒரு நாள்தான் அடிக்கும். தனித்தனியாக வாங்கினால் மூன்று நாள் அடிக்கும். யாராவது வந்து நின்று "ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்று கேட்பார்கள். பதிலுக்குச் சொல்லவும் கைவசம் ஏதோ இருக்கும்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

படுக்கை உள்ளறையில் இருந்தது. கோமளத்தின் கட்டில்மேல் நீல ரப்பர் மெத்தை. அதை ரொப்பியதற்கு மாடித் தொட்டி வற்றி, அபார்ட்மென்ட் முழுக்க அலறி, முனிசிபல் லாரி வந்தது என்றார் வீரராகவன். நான்கு பக்கெட் இருக்கும் என்று சத்யபாமா மனசுக்குள் திருத்திக்கொண்டாள். ஒரு விரலால் அழுத்தினாள். அந்தக் கோடிவரை அலை போய்த் திரும்பி வந்தது.

பெட்டியின் லேபிளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தாள். திரு. ரங்கநாதன், வயது 99. படுத்த படுக்கை. மேற்பார்வை, வீரராகவன்.

"இது வேற யாரோ ரங்கநாதனுக்கு வந்தது. ஸ்ரீரங்கத்துல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு ரங்கநாதன் மேலதான் விழும்."

"உக்காரு. சொல்றேன்" என்றார் அண்ணன்.

மூன்று மாசம் முன்பு தஸ்லிமா என்று ஒருத்தி வந்தாள். பாலக்கரைக்காரி, நாற்பதைத் தாண்டியவள். வீடு வீடாகப் போய், வயதானவர்கள் என்ன வாங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு டேப்லெட்டில் பதிகிற வேலை. சர்வேயில் சேர்த்துக்கொண்டால் வாராவாரம் வருவாள். வீட்டில் எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. நான் ஒருத்தன் என்றார் இவர். அவள் டேப்லெட்டை மூடிவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார். அறுபதுக்கு மேல தனியா இருக்கிறவங்க கோட்டா ஸ்ரீரங்கத்துல முடிஞ்சு போச்சு. இந்த ஒரு வீதியிலயே ரொம்பிடுச்சு. ரெண்டு பேரா இருக்கிற வீடு கிடைச்சாத்தான் எழுதணும்."

கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தும் விட்டாள். ஆயுசில் எந்தக் க்யூவிலும் இடம் பிடித்துப் பழகிய வீரராகவனுக்கு, தனியாக இருப்பதற்குக்கூட இடமில்லை என்பது பொறுக்கவில்லை.

"இரும்மா. மனுஷாள்ல நான் ஒருத்தன்னு சொன்னேன். ஆத்துல பெரியவர் ஒருத்தர் எழுந்தருளியிருக்கார்."

"அப்பாவா சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"பேரு?"

"ரங்கநாதன்."

"வயசு என்ன இருக்கும்?"

"எங்க தாத்தாவுக்கும் மூத்தவர்." தஸ்லிமா தட்டிப் பார்த்தாள். டேப்லெட் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஏறவில்லை.

நடமாட்டம் உண்டா என்று கேட்டாள். விசேஷ நாளில் மட்டும் வெளியே புறப்படுவார், ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், மற்றபடி படுத்த படுக்கைதான் என்றார். சாப்பாடு? கண்ணால் பார்ப்பதோடு சரி. வெளிச் சாப்பாடு? வெங்காயம், பூண்டு உள்ள இடத்தில் தலைவைத்தே படுக்க மாட்டார். வீரராகவன் ஆயுசில் முதல் தடவையாக ஒரு வார்த்தை பொய் சேர்க்காமல் அத்தனை பதிலும் சொன்னார். அவ்வளவையும் பம்பாயில் யாரோ படித்துப் பதறிப்போய், முதுகில் புண் வந்துவிடப்போகிறதே என்று மெத்தை அனுப்பிவிட்டார்கள்.

சத்யபாமா லேபிளை மறுபடி படித்தாள். "நீ சொல்றது எதுவுமே நடந்திருக்காது."

"நடந்தது. அதுதான் இப்ப வம்பு" என்றார். கம்பெனியின் சூப்பர்வைசர் ஜெபராஜ் சென்னையிலிருந்து இன்று மத்தியானம் வருகிறான். தொண்ணூற்றொன்பது வயது வாடிக்கையாளரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். தஸ்லிமாதான் போனில் சொன்னாள். இல்லாத ஆளை எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் அவள் வேலை போகும்.

"அப்போ உண்மையைச் சொல்லிடு. தப்பு ஒம்மேலதான்னு சொல்லு."

"சொல்லலாம். சொன்னா நான் ஒண்டிக்கட்டை. கோட்டா ஃபுல். வியாழக்கிழமை கிடையாது."

"வியாழக்கிழமை என்ன இருக்கு?"

வீரராகவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குத்தான் அவ வருவா. கேப்பா. காலம்பற என்ன சாப்டீங்க சார்ம்பா. காபிப்பொடி எப்ப மாத்தினீங்க, எதனாலம்பா. கோமளம் போனப்பறம் டிகாக்ஷன் ஒருத்தனுக்குப் போடத் தெரியலை, அதனால இன்ஸ்டன்ட்டுக்கு மாத்தினேன்னு சொன்னேன். மாத்தினப்போ எப்படி இருந்துச்சு சார்னு கேட்டா." ஜன்னலிலிருந்து திரும்பினார். "ரெண்டு வருஷத்துல யாரு கேட்டா பாமா, மாத்தினப்போ எப்படி இருந்ததுன்னு?"

சத்யபாமா கேட்டதில்லை. சண்டைக்கு முன்பெல்லாம் தினமும் போன் செய்வாள். பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்பாள். போட்டேன் என்றதும் வைத்துவிடுவாள். தன்னிடமும் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடன் வேண்டுமா என்று பேசும் வங்கிப் பெண்ணை அவள் ஒருநாளும் பாதியில் துண்டித்ததில்லை. "எப்படி இருக்கீங்க மேடம்" என்று அந்தப் பெண் ஆரம்பிப்பாள். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, கடன் வேண்டாம் என்பாள்.

சாப்பிட்டார்கள். கோயிலாழ்வார் என்று அந்த வீட்டார் சொல்லும் மர அலமாரிப் பெருமாள் சந்நிதிக்கு முன்னால் இன்னொரு தட்டும் டம்ளரும் இருந்தன. சாத்துமுது என்ற அந்த ரசத்தில் உப்பு ஒரு கல் கம்மிதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியை ஒரு தரம் பார்த்தாள்; பெருமாளும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், சும்மா ஒரு பரீட்சைக்காக, அந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெத்தை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. படுத்தால் எப்படியிருக்கும் என்று பார்த்தாள். புத்தூரில் அவளுக்குத் தூக்கம் என்பது கதவு பூட்டியிருக்கிறதா என்று எழுந்து பார்ப்பதற்கு நடுவில் வருகிற சமாசாரம். இங்கே ஹாலில் அண்ணன் செருமிக்கொண்டிருந்தார். வலது பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்குக் கொடுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டவள், கும்பகர்ணன் வந்து பாடம் கேட்டுப் போகிற மாதிரித் தூங்கிப்போனாள்.

ஆண் குரல் ஒன்றில்தான் விழிப்பு வந்தது.

"பெரியவர் தூங்குறாரா சார்? எழுப்ப வேண்டாம், பாவம். இப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். மூஞ்சி தெரியணும்னு இல்ல."

சத்யபாமா போர்வைக்குள்ளிருந்தே காதைத் தீட்டிக்கொண்டாள். கதவருகில் ஜெபராஜ். அவனுக்குப் பின்னால், மருதாணி வாசனையோடு நிற்பது தஸ்லிமாவாக இருக்க வேண்டும். அண்ணன் பதில் சொல்லக் காத்திருந்தாள். எத்தனை பெரிய எஞ்சினையும் தும்மி நகர்த்தியவர் வாயிலிருந்து ஆமாம் என்ற சின்ன வார்த்தை வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.

அசையாமல் கிடந்தால் போதும். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். தஸ்லிமா வேலை நிற்கும். அண்ணனுக்கு வியாழக்கிழமை நிற்கும். யாரும் பொய் சொன்னதாகக்கூட ஆகாது, தூங்கினதாகத்தான் ஆகும்.

ஆனால் வாராவாரம் இந்த ரங்கநாதனைத் தேடி யாராவது வருவார்கள். வாராவாரம் அண்ணன் இந்த அறை வாசலில் இப்படி வாயடைத்து நிற்பார்.

போர்வையை விலக்கினாள். கம்பீரமாக எழுந்து உட்காரத்தான் நினைத்தாள், தண்ணீர் விடவில்லை. இந்தப் பக்கம் ஊன்றினால் அந்தப் பக்கம் தூக்கியது. தொண்ணூற்றொன்பது வயதுப் பெரியவர் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு மெத்தையில் நீச்சலடிப்பதைச் சூப்பர்வைசர் வாயைப் பிளந்து பார்த்தான். கடைசியில் தஸ்லிமா ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினாள்.

"ரங்கநாதன் நான் இல்லை. அவர் அங்க இருக்கார்" என்று ஹாலுக்கு அழைத்துப் போய், மர அலமாரியின் கதவைத் திறந்து காட்டினாள் சத்யபாமா. பாம்பணையில் சயனித்தபடி பெருமாள். முன்னால் டம்ளர். "வயசை மட்டும் உங்க மெஷின் குறைச்சுப் போட்டிருக்கு. மத்ததெல்லாம் சரி. நான் வாசல்ல நின்னு என் காதால கேட்டேன். அண்ணா இவரோட பேசிண்டிருந்தான்."

ஜெபராஜ் செருப்பைக் கழற்றியிருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு தஸ்லிமாவைப் பார்த்தான்.

"கேள்வி அவ சரியாத்தான் கேட்டா. விளையாட்டு என்னோடது" என்று வீரராகவன் முன்னால் வந்தார்.

தஸ்லிமா தலையை நிமிர்த்தினாள். "இல்ல சார். நான் திருச்சியில பொறந்தவ. ரங்கநாதன்னா யாருன்னு தெரியாமலா எழுதினேன்? வீட்டுல தான் ஒருத்தர்னும் இவர் சொன்னார். சொல்லிட்டு இந்த அலமாரிப் பக்கம் திரும்பி, 'இல்லையா?'ன்னு கேட்டார். எதை எழுதுறதுன்னு எனக்குத் தெரியல சார்."

ஜெபராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான். திண்டுக்கல்லில் தன் அம்மாவும், எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் அப்பாவின் போட்டோவையும் சேர்த்துத்தான் சொல்வாள் என்றான். தான் இதுவரை திருத்தினதில்லை என்றான். ஆனால் டேப்லெட்டுக்கு இதெல்லாம் புரியாதே என்று நெற்றியைத் தேய்த்தான்.

"அம்மா, நீங்க இவங்க தங்கச்சியா? இங்கயா இருக்கீங்க?"

அந்தக் கேள்வி ஹாலின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. தஸ்லிமா டேப்லெட்டைப் பார்த்தாள். வீரராகவன் தரையைப் பார்த்தார்.

"புத்தூர்ல" என்றாள் சத்யபாமா.

"யாரோட?"

"யாரோடயும் இல்லை."

"புத்தூர் கோட்டாவும் முடிஞ்சிடுச்சும்மா" என்றான் ஜெபராஜ். மெதுவாகத்தான் சொன்னான்.

பிறகு எழுந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், இந்த வீட்டை அடுத்த வியாழன் வரைக்கும் லிஸ்ட்டிலிருந்து அழிக்காமல் வைக்கிறேன் என்றான். அன்றைக்குத் தானே வருவான். சாப்பிடுகிற, பல் தேய்க்கிற இரண்டாவது ஆள் ஒருவர் இங்கே இருந்தால் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், நடந்ததைத் தட்டச்சுப் பிழை என்று எழுதிவிடலாம். இல்லையென்றால் வீட்டை எடுத்துவிடத்தான் வேண்டும். தஸ்லிமா அக்கா விஷயமும் சென்னைக்குப் போகும், அவனால் தடுக்க முடியாது. மெத்தையைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. நனைந்த பொருளைக் கம்பெனி எடுக்காது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் வீரராகவன் கூட வந்தார். சித்திரை வீதி தொடங்கி ராஜகோபுரம் வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் ஆயுசில் நிஜமாகவே செய்த அசகாய சாதனை அது ஒன்றுதான். அதைப் பற்றி அவர் பின்னால் யாரிடமும் பீற்றிக்கொள்ளவும் இல்லை. இங்கே வந்துவிடு என்று சொல்வார் என்று சத்யபாமா காத்திருந்தாள். சொன்னால் மறுப்பதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

பஸ் வந்தது.

"உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான்.

புத்தூரில் இறங்கியதும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். கதவுக்காரர் "வாங்கம்மா" என்றார். காலையில் பல் தேய்க்கும்போதே பிரஷ் தேய்ந்து சாமரமாகிவிட்டதைப் பார்த்திருந்தாள். டூத்பிரஷ் அங்கே ஒன்றாக எப்போதும் கிடைக்காது. ஒன்றுக்கு ஒன்று இலவசம்தான். அதை எடுத்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்த பில் போடும் பெண், தப்பிக்க வழியில்லாமல், வரப்போகிற கணக்குப் பாடத்துக்காக முதுகை நிமிர்த்திக்கொண்டாள். சத்யபாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் அவள் பின்னால் எட்டிப் பார்த்து, "மேடம், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

வீட்டில் விளக்கைப் போட்டாள். காலையில் வைத்த பிரஷ் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை இந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் நகர்த்தப் போவதில்லை. நீல பிரஷ்ஷைப் பிரித்து அதில் போட்டாள். சிவப்பு பிரஷ்ஷை உறையோடு மேஜைமேல் வைத்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெல்போர்னில் தூங்கப் போகும் முன் மாதுரி கூப்பிடுகிற நேரம். கூப்பிட்டாள். பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று. அப்புறம், வழக்கம்போல், சிரிப்புக்குத் தயாரான குரலில், "மாமா இந்த வாரம் என்ன கதைம்மா விட்டார்?" என்றாள்.

சத்யபாமா சொன்னாள். பம்பாய்க் கம்பெனி, பெருமாள், கோட்டா, தண்ணீர் மெத்தை எல்லாவற்றையும் சொன்னாள். மாதுரி அங்கே விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. சிரித்து முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமா போன தடவை முதலையைக்கூட இவ்வளவு பெரிசாகச் சொல்லவில்லை என்றாள். நீயாவது அவரை நிறுத்தக்கூடாதா, யாரம்மா இதை நம்புவா என்றாள்.

சத்யபாமா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடலைடி" என்றாள். "நடந்தது. அந்த மெத்தையில நான்தான் தூங்கினேன்."